பதினைந்து கோடு போட்ட பத்து ரூபாய்

மதுரையில் என் அத்தை ஒரு கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறார். பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது ஒரு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கழுத்து வரைக்கும் பத்து ரூபாய் நாணயம்.

"எடுத்துட்டுப் போ தம்பி. மெட்ராஸ்ல ஓடுதாம்ல. இங்க ஒரு பய வாங்க மாட்டேங்குறான்."

"நீங்க மட்டும் ஏன் வாங்குறீங்க?"

"சாமி கும்பிட வந்தவுக நீட்டுறாக. வேணாம்னு சொல்லவா முடியும்?"

பிரச்சினை அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் கொடுக்கிற நாணயம் அத்தையிடம் வருகிறது. அவரிடமிருந்து போக வழியில்லை. பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரி வாங்குவதில்லை. ஷேர் ஆட்டோக்காரர் வாங்குவதில்லை. டீக்கடையில் "அக்கா, நோட்டா குடுங்க" என்கிறார்கள். கொட்டி எண்ணிப் பார்த்தேன். 187 நாணயங்கள், 1,870 ரூபாய். ஒரு முழம் மல்லிகைக்கு என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டால் அது அவருக்குப் பல நாள் லாபம். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடையில் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தது.

எது நல்லது, எது டூப்ளிகேட் என்று அத்தைக்கு ஒரு பாடமே தெரிந்திருந்தது. பத்து கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் டூப்ளிகேட். 'ரூபா குறி' இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டூப்ளிகேட். வருஷத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் சந்தேகம். தலைவர் படம் போட்டது என்றால் "அது காட்சிக்கு வச்சுக்கிறது, செல்லாது". யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான்."

இந்தப் பாடத்தில் ஒரு வரிகூடச் சரியில்லை. ஆனால் முட்டாள்தனமும் இல்லை. அன்றைக்கு ராத்திரி தரையில் பாயை விரித்து 187 நாணயங்களையும் ரகம் பிரித்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. பெரும்பான்மை, 122 நாணயங்கள், ₹ குறியும் பத்து கோடும் போட்டவை. பதினைந்து கோடு போட்டவை 28. தானிய வடிவம் போட்ட புதுசு 17. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்கான இலச்சினை போட்டது 4. நடுவில் சிலுவை மாதிரி கோடு போட்டது 3. மிச்சம் 13 நினைவு நாணயங்கள்: நாடாளுமன்றம் 5, கயிறு வாரியம் 3, வைஷ்ணோ தேவி 2, காந்தி ஒன்று, அம்பேத்கர் ஒன்று, யோகா தினம் ஒன்று. ஒரே மதிப்புக்கு, ஒரே பாட்டிலில், பதினோரு முகம். பதினோரு விதமான பத்து ரூபாய் நோட்டை யாராவது நீட்டினால் நானும்தான் முழிப்பேன்.

இந்தப் பதினோரு முகங்களும் எங்கிருந்து வந்தன என்று அப்புறம் கொஞ்சம் தோண்டினேன்.

பத்து ரூபாய் நாணயம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வெள்ளியில் 10 ரூபாய் நாணயம் அடித்தார்கள். 15 கிராம் எடை, அதில் 80 சதம் வெள்ளி. 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு இன்னொன்று. அதெல்லாம் பீரோவுக்குள் போனவை, கல்லாவுக்குள் வந்தவை அல்ல. கல்லாவுக்கான பத்து ரூபாய் நாணயத்தில் 2005, 2006 என்றெல்லாம் வருஷம் பொறித்திருக்கும். ஆனால் மக்கள் கைக்கு வந்தது 2009-ல்தான். இந்தியாவின் முதல் இரட்டை உலோகப் புழக்க நாணயம் அது. வெளி வளையம் செம்பும் அலுமினியமும் கொஞ்சம் நிக்கலும் சேர்ந்த மஞ்சள் உலோகம். நடுவட்டம் வெள்ளை. விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். வளையத்தையும் வட்டத்தையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் இரண்டும் கவ்விக்கொள்கின்றன. ஒற்றை உலோக நாணயத்தைவிட இதைப் போலி செய்வது கஷ்டம், கண்ணுக்கும் சட்டென்று தனியாகத் தெரியும் என்பதால்தான் பல நாடுகள் பெரிய மதிப்புகளுக்கு இந்த முறைக்குப் போயின.

முதல் வடிவமே வம்பில் மாட்டியது. ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், நான்கு மூலைக்கு ஒரு புள்ளி. நான்கு தலைகள், ஒரே உடல், 'வேற்றுமையில் ஒற்றுமை' என்பது அரசாங்கத்தின் விளக்கம். மேலிருந்து பார்த்தால் நாலு பேர் கை கோத்து நிற்பது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. சொல்லாமல் பார்த்தால் சிலுவையாகத் தெரிகிறது. அதே வடிவம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களிலும் இருந்தது. இது கிறித்தவச் சின்னம் என்று கூச்சல் கிளம்பியது. அப்புறம் அந்தச் சின்ன நாணயங்களில் அந்த வடிவம் போய், கட்டைவிரலும் இரண்டு விரலும் காட்டுகிற கை முத்திரைகள் வந்தன. உங்களில் பலருக்கு அந்தக் கட்டைவிரல் ஒரு ரூபாய் ஞாபகம் இருக்கும்.

பத்து ரூபாயில் அடுத்து வந்தது 'தொடர்பும் தகவல் தொழில்நுட்பமும்' என்ற கருவில் ஒரு வடிவம். நடுவில் பெரிதாக 10, மேலே வளையத்தில் விரிகிற கதிர்கள். அந்தக் கதிர்கள் பதினைந்து. ஏன் பதினைந்து? வரைந்தவருக்கு அழகாகப் பட்டிருக்கும். கதிரை யாரும் எண்ணப் போவதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய அரசு ₹ குறியை ஏற்றுக்கொண்டது. வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம். 2011 முதல் நாணயங்களில் அந்தக் குறி ஏறியது. பத்து ரூபாயில் குறியைச் சேர்க்கும்போது கதிர்களையும் திருத்தி வரைந்தார்கள். இந்தத் தடவை பத்து.

வதந்தியின் மொத்த மூலதனமும் இந்த இரண்டு வரிகள்தான். பதினைந்து கதிர் நாணயத்தில் ₹ குறி இல்லை, ஏனென்றால் அதை அடித்தபோது அந்தக் குறியே பிறக்கவில்லை. பத்து கதிர் நாணயத்தில் குறி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்கு வருஷ வரிசை தெரியாது. ஒன்று அசல், ஒன்று நகல் என்றுதான் தோன்றும். "பத்து ரூபாய்க்கு பத்து கோடு" என்பதில் ஒரு நியாயம் வேறு தொனிக்கிறது பாருங்கள். பொய்க்கு இவ்வளவு நல்ல எதுகை அமைந்துவிட்டால் அதை யார் நிறுத்துவது? ஒரு தமிழர் வரைந்த குறி, தமிழ்நாட்டிலேயே செல்லும் காசைச் செல்லாக்காசு என்று காட்டுகிற அடையாளமாகிப் போனது.

புள்ளி விஷயமும் இதே கதை. நாணயங்களை அடிப்பவை மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ள அரசு நாணயச்சாலைகள். எங்கே அடித்தது என்பதற்கு வருஷத்துக்கு அருகே ஒரு சின்னக் குறி இருக்கும். வைர வடிவம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. பாட்டிலில் நாலு வகையும் இருந்தன. அத்தையிடம் புள்ளி நாணயத்தைக் காட்டி "இது டெல்லிக்குப் பக்கத்துல அடிச்சது" என்றேன். "டெல்லிலதான கள்ளக் காசு பிடிச்சாகன்னு நியூஸ்ல சொன்னான்?" என்றார்.

அதுவும் பொய்யில்லை. 2016 அக்டோபரில் டெல்லி போலீஸ் ஒரு கள்ள நாணயப் பட்டறையைப் பிடித்தது. 5 ரூபாயும் 10 ரூபாயும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. காசு என்றாலே ஒரே ராத்திரியில் செல்லாமல் போகக்கூடிய ஒன்று என்று நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. அந்த நவம்பரிலேயே, பத்து ரூபாய் நாணயங்களைத் தயங்காமல் வாங்குங்கள் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. வதந்தி அடங்கவில்லை. 2018 ஜனவரி 17-ல் இன்னொரு அறிக்கை: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும். 2019-ல் மறுபடி ஒன்று. இதில் ஒரு வேடிக்கை, அந்த 2018 ஜனவரியிலேயே சாக்லேட் நிறத்தில் கோனார்க் கோயில் சக்கரம் போட்ட புது பத்து ரூபாய் நோட்டையும் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஒரு கையால் நாணயத்தை வாங்குங்கள் என்று கெஞ்சல், இன்னொரு கையால் பளபளவென்று நோட்டு.

14 வடிவம் என்ற எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதாரணப் புழக்க வடிவங்கள் அன்றைக்கு மூன்றுதான்: சிலுவை, பதினைந்து கதிர், பத்து கதிர். மிச்சமெல்லாம் நினைவு நாணயங்கள். தானிய வடிவம் அப்புறம் 2019-ல் வந்தது. கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து அடையாளம் காண்பதற்காக ஒரு ரூபாயிலிருந்து அளவு படிப்படியாகக் கூடுகிற புது வரிசை அது. 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கத்தோடு வந்ததும் அப்போதுதான். நல்ல யோசனை. ஆனால் பத்து ரூபாய்க்கு இன்னொரு முகம் கூடியது. 2022 ஜூனில் 75-ஆம் ஆண்டு இலச்சினையோடு இன்னொரு வரிசை.

இந்தியாவில் நினைவு நாணயம் 1964-ல் நேருவிலிருந்து தொடங்குகிறது. 1969-ல் காந்தி உருவம் 20 பைசாவில்கூட வந்தது. ஒரு தலைவருக்கோ நிறுவனத்துக்கோ நாணயம் வேண்டும் என்ற கோரிக்கை மத்திய நிதி அமைச்சகத்துக்குப் போகும். ஏற்றுக்கொண்டால் அரசிதழில் அறிவிக்கை வரும், நாணயச்சாலை அடிக்கும். நாணயம் வெளியிடுவது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி அதை விநியோகம் மட்டுமே செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. (ஒரு ரூபாய் நோட்டும் அரசினுடையதே. அதில் கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலர் கையெழுத்து இருக்கும்.) அடிப்பதில் இரண்டு வகை உண்டு. 100 ரூபாய், 1000 ரூபாய் என்று பெரிய மதிப்பு போட்டவை சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக. 2024 ஆகஸ்டில் கருணாநிதி நூற்றாண்டுக்கு வெளியான 100 ரூபாய் நாணயம் அந்த வகை, அதைக் கொண்டுபோய் யாரும் டீ குடிக்கப் போவதில்லை. இன்னொரு வகை, சாதாரண 5, 10 ரூபாய் நாணயங்களின் ஒரு பகுதியை வேறு படத்தோடு அடித்து அப்படியே புழக்கத்தில் கலந்துவிடுவது. குழப்பம் இந்த இரண்டாவது வகையில்தான். "தலைவர் படம் போட்டது செல்லாது" என்று அத்தை சொன்னது இரண்டு வகையும் ஒன்றாகிப் போனதால்.

இரட்டை உலோகப் பத்து ரூபாயில் முதல் நினைவு நாணயம் ஹோமி பாபா நூற்றாண்டுக்கு. அடுத்து 2010-ல் ரிசர்வ் வங்கியின் பவள விழா, புலியும் பனைமரமும் இருக்கிற அதன் சின்னத்தோடு. 2012-ல் நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு. 2013-ல் கயிறு வாரியத்தின் 60 ஆண்டு. அத்தை வாழைநாரில் பூ கட்டுகிறவர். தென்னை நாருக்கு ஒரு நாணயம் விட்டிருக்கிறார்கள் என்றதும், "அப்ப வாழநாருக்கு எப்ப விடுவானாம்?" என்றார். 2015-ல் மட்டும் வரிசையாகக் கொட்டியது: காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, யோகா தினம், சின்மயானந்தர் நூற்றாண்டு, டிசம்பரில் அம்பேத்கர் 125. எல்லாம் வெவ்வேறு படம், வெவ்வேறு எழுத்து. ஒவ்வொன்றும் புழக்கத்துக்கு வந்த எண்ணிக்கை கொஞ்சம். அத்தையின் பாட்டிலில் அம்பேத்கர் 187-க்கு ஒன்று. வருஷக்கணக்கில் பூ விற்கிற ஒருவர் ஒரே ஒரு தடவை பார்க்கிற முகம் அது. அதை அவர் நம்ப வேண்டும், நம்பி அடுத்தவரிடம் நீட்ட வேண்டும், அந்த அடுத்தவரும் நம்ப வேண்டும்.

இங்கேதான் வடிவமைப்பில் ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். யூரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2 யூரோ நாணயத்தில் ஒவ்வொரு நாடும் 2004-லிருந்து நினைவு வடிவங்கள் வெளியிடுகிறது. இப்போது வருஷத்துக்கு ஒரு நாட்டுக்கு இரண்டு வரை அனுமதி. மொத்தம் நூற்றுக்கணக்கான வடிவங்கள். ஆனால் மாறுவது நாட்டுக்குரிய பக்கம் மட்டும். 2 என்ற எண்ணும் ஐரோப்பிய வரைபடமும் இருக்கிற பொதுப்பக்கத்தில் எந்த நாடும் கை வைக்க முடியாது. அமெரிக்கர்கள் 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் கால் டாலரில் தனித்தனிப் படம் போட்டார்கள். வருஷத்துக்கு ஐந்து என்று முன்கூட்டியே சொல்லி, பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் செருகிச் சேர்க்கிற அளவுக்கு ஊரறியச் செய்தார்கள். மறுபக்கத்தில் வாஷிங்டன் தலை அப்படியே இருந்தது. புதுப் படம் வந்தால் குழம்பாதே, திருப்பிப் பார், தெரிந்த முகம் இருக்கிறது என்பதுதான் ஏற்பாடு.

நம் பத்து ரூபாயில் திருப்பிப் பார்த்தால் என்ன இருக்கிறது? சாதாரண நாணயத்தில் ஒரு பக்கம் சிங்கத்தூண், மறுபக்கம் மதிப்பும் கதிர்களும். நினைவு நாணயத்தில் கதிர்ப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்கிறது. மதிப்புக்கு இடமில்லை. அதனால் ₹ 10 சிங்கத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக இரண்டு பக்கமும் மாறிவிடுகின்றன. ஒரு கையில் பத்து கதிரையும் இன்னொரு கையில் கயிறு வாரியத்தையும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமும் எதோடும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது சிங்கமும் இரட்டை உலோகமும் அளவும் மட்டும்.

அடிக்கடி முகம் மாற்றியதற்கு பிரிட்டன் விலை கொடுத்திருக்கிறது. அவர்களுடைய பழைய ஒரு பவுண்டு நாணயம் 1983-ல் வந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, இங்கிலாந்து என்று பின்பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. எந்தப் படம் எந்த வருஷத்துக்கு என்று யாருக்கும் மனப்பாடம் இல்லை, கள்ள நாணயம் அடிப்பவர்களுக்கு அது வசதி. 2014 வாக்கில் நூற்றுக்கு மூன்று போலி என்று கணக்கு. கடைசியில் 2017-ல் பன்னிரண்டு பக்கமுள்ள இரட்டை உலோக நாணயத்துக்கு மாறி, பழையதை மொத்தமாகத் திரும்ப வாங்கினார்கள். அங்கே கள்ளக் காசு நிறைய, சந்தேகம் கொஞ்சம். இங்கே நேர் எதிர்.

இன்னொன்று, பூக்கட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழிகள் கொண்ட பட்டி இருக்கிறது. அதில் தமிழில் 'பத்து ரூபாய்' என்று எழுதியிருக்கும். நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும்தான். இரண்டும் படிக்கத் தெரியாத ஒருவருக்கு நாணயம் எழுத்தால் ஒன்றும் சொல்வதில்லை. கோடுகளை எண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி? கயிறு வாரியம் என்று எழுதியிருப்பதை நான் படித்துச் சொன்ன பிறகுதான் அத்தைக்கு அது கயிறு என்று தெரிந்தது. புழக்க நாணயத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்தது என் நினைவில் ஒரே தடவைதான், 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து.

அந்த 5 ரூபாயை வைத்து என் வாதத்தையே நீங்கள் மடக்கலாம். 5 ரூபாயில் நினைவு வடிவங்கள் இதைவிட அதிகம். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர், அப்புறம் காமராஜர், அண்ணா, 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு. தடித்தது, மெல்லியது, வெள்ளை, மஞ்சள் என்று உலோகமும் மாறியது. ஒருவரும் டூப்ளிகேட் என்று தள்ளவில்லை. வடிவம் மட்டும்தான் காரணம் என்றால் அது எப்படி?

எனக்குத் தெரிந்த பதில் இது. 5 ரூபாய்க்கு நோட்டு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நாணயம் வேண்டாம் என்றால் கொடுக்கவும் வாங்கவும் வேறு எதுவும் கிடையாது. சந்தேகப்படும் வசதி யாருக்கும் இல்லை. பத்து ரூபாய்க்கு நோட்டு இருக்கிறது, அழுக்காக இருந்தாலும் இருக்கிறது. அதனால் "நோட்டா குடு" என்று சொல்ல முடிகிறது. ஒருவர் சொன்னால் அடுத்தவரும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாணயம் அவரிடமே தங்கிவிடும். டீக்கடைக்காரர் நாணயத்தைப் போலி என்று நம்பவே வேண்டியதில்லை. அடுத்தவர் வாங்க மாட்டார் என்று நம்பினால் போதும். சென்னையில் ஓடுகிறது, மதுரையில் ஓடவில்லை என்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். நாணயத்தில் வித்தியாசம் இல்லை. பக்கத்துக் கடைக்காரரில்தான் வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் சட்டப்படி செல்லும் பணம். 50 பைசா என்றால் பத்து ரூபாய் வரை. அதாவது ஒரே தடவையில் நூறு பத்து ரூபாய் நாணயம் வரைதான். 2022-ல் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே ஆறு லட்சம் சேர்த்து சேலத்தில் கார் வாங்கியது செய்தியில் வந்தது. அவருடைய அம்மா கடையிலும் இதே கதைதான், வாடிக்கையாளர்கள் நாணயத்தை வாங்க மறுத்தார்களாம். 60,000 நாணயம், நானூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடை. எல்லோரும் கை தட்டினோம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால் அந்த ஷோரூம் ஆயிரத்துக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை.

சிலுவைச் சர்ச்சைக்கு ஒரு பின்கதையும் உண்டு. வைஷ்ணோ தேவி, தஞ்சைப் பெரிய கோயில் நாணயங்கள் மதச்சார்பின்மைக்கு எதிரானவை, திரும்பப் பெற வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார்கள். 2018 தொடக்கத்தில் அது தள்ளுபடியானது. தெய்வம் நாணயத்தில் வரலாமா கூடாதா என்று டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மதுரையில் அந்த நாணயத்துக்கு ஒரு டீ கிடைக்கவில்லை.

பொங்கல் முடிந்து வங்கி திறந்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். நாணயங்களை நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தால் வசதி என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளில் இருக்கிறது. அதனால் ஒரு பையில் நூறு, இன்னொன்றில் மிச்சம் என்று கட்டிக்கொண்டு போனோம். காசாளர் பையைப் பார்த்ததும் "சார், நாளைக்கு வாங்களேன்" என்றார். வாடிக்கையாளர் போடுகிற நாணயத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று கையில் வைத்திருந்த ரிசர்வ் வங்கிக் கேள்வி-பதிலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எண்ணினார். 185.

அத்தை இரண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், வைஷ்ணோ தேவி இரண்டும். ஒன்று பூஜை அறையில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு இருக்கிறது. இன்னொன்று பூக்கூடைக்கு அடியில் கல்லாப் பெட்டியில். செல்லாது என்றாரே என்று கேட்டதற்கு, "அது கடைக்குத்தான செல்லாது" என்றார்.

போன வாரம் போனில் பேசியபோது விசாரித்தேன். பாட்டிலில் மறுபடி இருபத்து மூன்று சேர்ந்திருக்கிறதாம். அதில் ஒன்று இதுவரை பார்க்காத படமாம், தலைப்பாகை கட்டின ஆள். அடுத்த தடவை போகும்போது யாரென்று பார்க்க வேண்டும்.